அணிலுக்கே பட்டம் இருக்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஆச்சி காலத்துப் பித்தளைப் பானை ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு மட்டும் கீழே இறங்கும். புளி போட்டுத் தேய்த்தால் கழுத்துக்குக் கீழே எழுத்துகள் தெரியவரும். புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டிய தாத்தாவின் பெயர். வெட்டியவர் இடத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணவில்லை. பெயர் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் ‘பிள்ளை’க்கு இடம் போதாமல் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கடைசி எழுத்து பானையின் வளைவில் சறுக்கிக் கீழே இறங்கிவிட்டது. அதுவும் நாம் இப்போது எழுதுகிற ளை இல்லை. யானை தும்பிக்கையைச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும் பழைய ளை.

போன மாதம் மகள் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டம் நிரம்பிவிட்டது. இரண்டாவதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டேன் என்கிறது. “எனக்குத்தான் கடைசிப் பேரே கிடையாதே” என்று கொஞ்ச நேரம் முட்டிமோதினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, பானையில இருக்கிறதப் போட்டுடவா?” என்றாள்.

“வேண்டாம்” என்று உடனே சொல்லிவிட்டேன். “ஏன்?” என்றாள். அந்த ஏனுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. என் பெயரையே கடைசிப் பெயராகப் போடச் சொல்லிவிட்டேன். இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கடல் கடந்ததும் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராகிவிடுகிறது. அங்கே மகளைக் கூப்பிட நினைக்கிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த ‘பிள்ளை’யை எங்கள் வீட்டில் விட்டவர் அப்பா. 1950களில் கல்லூரியில் படிக்கும்போதே கையெழுத்திலிருந்து எடுத்துவிட்டார். தாத்தாவுக்கு விஷயம் தெரியவந்தது அப்பாவின் கல்யாணப் பத்திரிகையில்தான். அழைக்கிறவர் தாத்தா என்பதால் அவர் பெயர் பிள்ளையோடு இருந்தது. மாப்பிள்ளையின் பெயரில் மட்டும் அது இல்லை. விட்டுப்போய்விட்டது என்று நினைத்து அச்சகத்துக்காரர் தாமாகவே சேர்த்திருக்கிறார். அப்பா மெய்ப்பில் அடித்திருக்கிறார். அவர் மறுபடியும் சேர்த்திருக்கிறார். கடைசியில் பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தபோது அது இல்லாமல்தான் வந்தது. தாத்தா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “ஏல, அணிலுக்கே பிள்ளைன்னு பட்டம் இருக்கு. உனக்கு வேண்டாமாக்கும்?”

இந்தக் கதையை ஆச்சி சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தாத்தா அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று யோசிக்க ஆரம்பித்தால் அது அப்படி லேசில் விடுகிற வாக்கியம் இல்லை. மனிதர்களில் ஒரு கூட்டம் பெருமையாகப் பின்னால் கட்டிக்கொண்ட சொல், மரத்தில் ஓடுகிற அணிலுக்கும் வரப்பில் ஓடுகிற கீரிக்கும் எப்படிப் போயிற்று?

தொல்காப்பியத்தைத் திறந்தால் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. மரபியலின் தொடக்கத்தில் இளமைப் பெயர்கள் ஒன்பது வரிசையாக வருகின்றன: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எது எதற்கு உரியது என்று அடுத்தடுத்த நூற்பாக்கள் பிரித்துக் கொடுக்கின்றன. ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’. பிள்ளை என்றால் பறவைக் குஞ்சு. தவழ்பவற்றுக்கும் அப்படியே சொல்லலாம் என்கிறது அடுத்த நூற்பா. இன்னும் தள்ளிப் போனால் ‘பிள்ளை குழவி கன்றே போத்து’ என்று ஓரறிவு உயிர்களுக்கு, அதாவது செடி கொடி மரங்களுக்கு, கொடுக்கிறார். அதற்கும் உடனே ஒரு விலக்கு: நெல்லுக்கும் புல்லுக்கும் இது ஆகாது. நெல்லம்பிள்ளை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒத்துக்கொள்ளாது.

சரி, மனிதருக்கு? ‘குழவியும் மகவும் ஆயிரண்டு அல்லவை கிழவ அல்ல மக்கட் கண்ணே’. மனிதக் குழந்தைக்கு இரண்டே பெயர், குழவியும் மகவும். மற்றவற்றுக்கு மக்களிடத்தில் உரிமை இல்லை. அந்தப் பட்டியல்படி பிள்ளை என்பது மனிதருக்கு ஆகாத சொல். மனிதருக்கென்று ஒதுக்கிய குழவியோ இன்றைக்கு அம்மியில் உருண்டுகொண்டிருக்கிறது.

தாத்தாவிடம் ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். அணிலுக்குத் தொல்காப்பியர் கொடுத்தது பிள்ளை இல்லை, குட்டி. வெருகு என்கிற காட்டுப்பூனை, எலி இவற்றோடு சேர்த்து மூன்று வரி அணிலையும் குட்டிக் கணக்கில்தான் வைத்திருக்கிறார். கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும்தான் இலக்கணச் சுத்தமான பிள்ளைகள். பறவைத் தொடர்பு பிற்காலத்திலும் விட்டுப்போகவில்லை. புறப்பொருள் வெண்பாமாலையில் ‘பிள்ளை வழக்கு’ என்றொரு துறை உண்டு. ஆநிரை கவரப் போகும்முன் புள் நிமித்தம் பார்த்துப் பொய்க்காமல் சொன்னவர்களுக்கு, பிடித்துவந்த மாடுகளில் பங்கு கொடுப்பது. அந்தப் பிள்ளை, நிமித்தம் சொன்ன பறவை.

எப்போது இந்தச் சொல் பறவையிலிருந்து மனிதருக்குத் தாவியது என்று ஒரு தேதி போட முடியாது. ஆனால் பக்தி இலக்கியம் வரும்போது அது நன்றாகக் குடியேறிவிட்டது. திருஞானசம்பந்தர் ஆளுடைய பிள்ளை. பெரியபுராணம் அவரைப் பிள்ளையார் என்றே பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இளவரசர்களும் பிள்ளையார்தான். யானை முகத்தவருக்கு இதே பெயர் வந்தது தெரிந்த கதை. குழந்தையைக் குறிக்கும் சொல்லோடு மரியாதை விகுதியை ஒட்டவைத்தால் அது சின்னவரையும் பெரியவரையும் ஒரே நேரத்தில் சுட்டுகிறது. ‘ஐயா’ என்று சின்னப் பையனைக் கொஞ்சுகிற மொழியில் இது அதிசயமில்லை.

எனக்கு இதில் மிகப் பிடித்த ஆட்கள் வைணவ ஆசாரியர்கள். நம்பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, அவர் மகன் பிள்ளை லோகாசாரியர், உரை எழுதியே புகழ்பெற்ற பெரியவாச்சான் பிள்ளை. இவர்கள் அந்தணர்கள். கூடவே உறையூர்க்காரர் பிள்ளை உறங்காவில்லி தாசர். மற்போர் வீரர், அந்தணர் அல்லர். இவர்களுக்கெல்லாம் பிள்ளை என்பது ஆசாரியன் மடியிலோ பெருமாள் மடியிலோ இருக்கிற குழந்தை என்கிற செல்லம்தான். சிலருக்குப் பின்னால் நிற்கிறது, சிலருக்கு முன்னால் வந்து நிற்கிறது. ‘அவர் என்ன ஆள்?’ என்று கண்டுபிடிக்க அந்தச் சொல் அன்றைக்கு உதவியிருக்காது.

பிற்காலத்தில் உதவியதா என்று கேட்டால், அதுவும் அரைகுறைதான். தெக்கத்தியான் ஒருவனிடம் பிள்ளைமார் என்று சொன்னால் சைவ வேளாளர் என்று முடிவுகட்டிவிடுவான். நாஞ்சில் நாட்டு வேளாளரும், சோழநாட்டுக் கார்காத்தாரும் பிள்ளைதான். நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். புதுச்சேரியில் 18-ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிக் குவித்த ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். (ஒரு பிள்ளை எழுதிய முதலியார் கதை.) மேற்கே மலை தாண்டினால் அது நாயர்களுக்குத் திருவிதாங்கூர் அரசு கொடுத்த பட்டம், தகழி சிவசங்கரப் பிள்ளை அந்த வழி.

ஒரு சொல்லை இத்தனை பேர் வைத்துக்கொண்டால் ஆளைப் பிரித்துச் சொல்ல அது போதாது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று மட்டும் சொல்லுங்கள், தமிழ் படித்தவர் திரிசிரபுரம் மகாவித்துவானை நினைப்பார். பரதநாட்டியக்காரர் பந்தநல்லூர் நட்டுவனாரை நினைப்பார். கச்சேரி கேட்கிறவர் நீடாமங்கலம் தவில் மேதையை நினைப்பார். மூன்று பேருமே தத்தம் துறையில் மலை. மூவரையும் பிரிப்பது ஊர்ப்பெயர்தான். பெயருக்கு முன்னால் இருக்கும் ஊரை எடுத்துவிட்டால், பின்னால் இருக்கும் பட்டம் ஒரு உதவியும் செய்யாது. இதற்குப் போய் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம்!

அந்த மகாவித்துவானை உ.வே. சாமிநாதையர் எழுதும்போது பெரும்பாலும் பெயர் சொல்லமாட்டார். ‘பிள்ளையவர்கள்’ என்பார், அவ்வளவுதான். ஊர் முழுக்கப் பிள்ளைகள் இருந்த காலத்தில், அவருக்குப் பிள்ளையவர்கள் என்றால் ஒரே ஆள். அந்தப் பிள்ளையவர்கள் பிள்ளைத்தமிழ் பாடுவதிலும் பெரிய கை. தெய்வத்தையோ பெரியவரையோ குழந்தையாக்கி, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவமாகப் பாடுகிற வகை அது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரையே தொட்டிலில் போட்டு ஒரு பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே பல பெயர்களில் பிள்ளை ஒட்டாக நிற்காமல் உள்ளேயே கரைந்துவிட்டது. வேலுப்பிள்ளை, தம்பிப்பிள்ளை என்று ஒரே சொல்லாக எழுதுவார்கள். சி.வை. தாமோதரம்பிள்ளையின் அப்பா பெயர் வைரவநாதர். அப்பாவிடம் இல்லாத பிள்ளை மகனிடம் எப்படி வந்தது என்று கேட்டால், அது அவர் பெயரில்தான் இருக்கிறது, குடும்பத்தில் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை கைமாறாத ‘கடைசிப் பெயர்’. பிள்ளை பறவைக்கு உரியது என்கிற அந்த மரபியல் அடங்கிய பொருளதிகாரத்தை உரையோடு 1885-இல் அச்சிட்டவரும் இதே தாமோதரம்பிள்ளைதான். மெய்ப்புப் பார்க்கும்போது அந்த நூற்பாவில் சிரித்திருப்பாரா என்று எனக்கு ஒரு ஆசை.

அதே யாழ்ப்பாணத்தில் “பிள்ளை, இங்க வாங்கோ” என்று கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகாரத்தில் “எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பிள்ளை” என்றால் அந்தப் பிள்ளை மகன். பிள்ளை வீட்டார் என்றால் மாப்பிள்ளை வீட்டார். நம் பக்கத்துக் கிராமங்களில் “அந்தப் புள்ளைய நான் பாத்தேன்” என்று ஒரு பையன் சொன்னால், அது பெண் என்பதிலும் அவன் நிலைமை என்ன என்பதிலும் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த ஆண்பால் பெண்பால் விவகாரம் எனக்கு முழுசாக உறைத்தது ஒரு கருத்தரங்கில். டர்பனிலிருந்து வந்த ஒரு பெண்மணி, அறுபது வயது இருக்கும், சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘பிள்ளை’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ‘ஐ’ இல்லை, ‘ஒய்’. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்கிற கப்பல் நேட்டாலுக்கு முதல் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்தடுத்த கப்பல்களில் போனவர்களின் பெயர்கள் அங்கே இருந்த எழுத்தர்களின் காதில் எப்படி விழுந்ததோ அப்படிப் பதிவாயின. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காதில் அது ‘புல்லே’ என்று விழுந்தது. ஒரே சொல், எழுத்துக் கூட்டியதை வைத்தே கொள்ளுத்தாத்தா யாரிடம் மாட்டினார் என்று சொல்லிவிடலாம்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. “எந்த ஊர்?” என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். டர்பன் என்றார். அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் கப்பல், அவ்வளவுதான் தெரியும் என்றார். பிறகு அவர் என்னைக் கேட்டார்: “இந்தச் சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?” குழந்தை என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாற்பது வருஷமாகக் காசோலையில் எல்லாம் குழந்தை என்றா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்!” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது: எங்கள் ஆச்சி பெயருக்குப் பின்னால் பிள்ளை இருந்ததே இல்லை. அம்மா பெயரில், அத்தைகள் பெயரில், யார் பெயரிலும் இல்லை. பெண்களுக்கு அம்மாள், அல்லது ஆச்சி. பிள்ளை என்கிற பட்டம் ஆம்பளைகளின் சொத்தாக மட்டுமே இருந்தது. கடல் தாண்டியதும் அது வெள்ளைக்காரன் முறைப்படி குடும்பப் பெயராகி, பெண்களுக்கும் பாத்தியப்பட்டது. 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை, டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். உலகம் முழுக்க அறிந்த பிள்ளை இன்றைக்கு ஒரு பெண். கூலியாகப் போனவர்கள் மட்டுமில்லை, வியாபாரியாகப் போனவர்களும் உண்டு. 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு சிங்கப்பூர் வந்திறங்கிய நாராயண பிள்ளை அங்கே செங்கல் சூளை போட்டு, 1827-இல் மாரியம்மன் கோயிலும் கட்டினார். நான்கு ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடிய தன்ராஜ் பிள்ளை பிறந்ததோ புணேக்குப் பக்கத்து கட்கியில்.

உள்ளூரிலும் ஒரு பெண் உண்டு. மதுரைப் பக்கம் மகளிர் குழுக்களைக் கட்டி வளர்த்த சின்னப்பிள்ளை. 2001-இல் விருது வாங்கப் போன இடத்தில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்தப் பிள்ளை சாதியில் வந்ததல்ல. சின்னப்பிள்ளை என்றே வைத்த பெயர்.

அப்பா ஏன் விட்டார் என்பதற்கு வருகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அப்பா அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் அவர் கல்லூரிக்குப் போன காலத்தில் அந்தக் காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த பெரியார், 1935-லிருந்து தம் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தையும் கொண்டுவந்தார். தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கும் போய், மற்ற எழுத்துகள் மாதிரியே ஐகாரக் குறி வந்தது. 1978-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் பானையில் இருக்கும் பிள்ளை இரண்டு விதத்திலும் பழையது. பட்டத்தை விடச் சொன்ன அதே மனிதர், அந்தப் பட்டத்தின் கடைசி எழுத்தையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

பட்டத்தை நறுக்கும்போது ஊர் ஒரு வேலை செய்தது. பிள்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு மரியாதையை வைத்தது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய சிதம்பரம் பிள்ளை, சிதம்பரனார் ஆனார். 1986-இல் அவர் பெயரில் மாவட்டம் வந்தபோதும், 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தபோதும் சிதம்பரனார்தான். தேசிகவிநாயகம் பிள்ளை, கவிமணிக்குள் போய்விட்டார். ராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞராகிவிட்டார். வையாபுரிப் பிள்ளைக்கு மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியர், ஒரு சொல்லை விடுவதென்றால் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் என் “வேண்டாம்”முக்குக் காரணம் மாநாடு இல்லை. எங்கள் தோட்டத்தில் தென்னை வைத்த ஒரு கிழவர்.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது பார்த்தது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று குழி வெட்டி, அடியில் மணலும் சாம்பலும் ஒரு கை உப்பும் போட்டு, நெற்று முளைத்த கன்றை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே இறக்குவார். நெற்று மூடுகிற அளவுக்குத்தான் மண். “கழுத்து வரைக்கும் தள்ளுனா பிள்ளைக்கு மூச்சு முட்டும்” என்பார். சுற்றி மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, மேற்கு வெயில் படாமல் பனையோலையைச் சாய்த்து நட்டுவைப்பார். கோடையில் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, “இந்தப் பிள்ளை வாடிக் கெடக்கு, அந்தப் பிள்ளை தேறிருச்சு” என்று தாத்தாவிடம் கணக்குச் சொல்வார். தாத்தாவை அவர் கூப்பிடுவது ‘பிள்ளைவாள்’. எனக்கும் அதே மரியாதை, ‘சின்னப் பிள்ளைவாள்’. எனக்கு வயது பன்னிரண்டு.

தாத்தா அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், முன்னால் ஒரு ‘ஏல’ போட்டு. தாத்தாவைவிட அவர் பத்து வயதாவது மூத்தவர். அவர் பெயருக்குப் பின்னால் எதுவும் கிடையாது. இருந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதும் கிடையாது. மரத்துக்குப் பிள்ளை, அணிலுக்குப் பிள்ளை, எனக்குப் பிள்ளைவாள். தாத்தாவின் அந்த அணில் கிண்டலை ஆச்சி சொல்லும்போதெல்லாம் வீடே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தக் கிழவர் கையில் மண்ணோடு வேலி ஓரம் நிற்பது நினைவுக்கு வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

மகளிடம் இதை அப்புறம் ஒரு நாள் சொன்னேன். கேட்டுவிட்டு, “சரி, பேர்ல வேண்டாம். பேச்சுலயும் விட்டுட்டோமா?” என்றாள். விட முடியாது. ஆம்பளை என்பது ஆண்பிள்ளை, பொம்பளை என்பது பெண்பிள்ளை. “சாதிப் பட்டமெல்லாம் எதுக்கு? ஆம்பளையா இருந்தா வேலையைக் காட்டு” என்று ஒருவர் மேடையில் முழங்கினால், எந்தச் சொல்லை ஒழிக்க வந்தாரோ அதையே வாயில் வைத்துக்கொண்டுதான் முழங்குகிறார். மாசமாக இருப்பவள் புள்ளத்தாச்சி. குடும்பஸ்தன் புள்ளகுட்டிக்காரன், அதில் தொல்காப்பியர் பட்டியலிலிருந்து இரண்டு பெயர் ஒன்றாக வந்துவிடுகிறது. குழந்தைக்கு உரைத்துப் புகட்டும் வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். மழை விட்டதும் ஈர மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவது பிள்ளைப்பூச்சி.

வேலைப் பெயர்களிலும் உண்டு. கணக்குப்பிள்ளையைக் கும்பினிக்காரர்கள் ‘கானிக்காப்பொலி’ ஆக்கி ஆங்கில அகராதிக்கே கொண்டுபோய்விட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிக்கும் துரைக்கும் நடுவில் பேரேட்டோடு நின்றவர் கணக்கப்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பு வைத்திருந்தவன் சட்டாம்பிள்ளை. இன்றைக்கு “சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே” என்று திட்டுவதற்கு மட்டும் மிச்சமிருக்கிறான். மலையாளத்தில் அவன் நிலைமை இன்னும் மோசம்: அங்கே சட்டம்பி என்றால் ரவுடி. ஆனால் அதே கேரளத்தில் சாதிக் கொடுமைக்கு எதிராக எழுதிய சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்தது, பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்ததால்தான். இயற்பெயர் ஐயப்பன் பிள்ளை. அந்தப் பிள்ளை போய்விட்டது, இந்தப் பிள்ளை தங்கிவிட்டது.

மாப்பிள்ளையும் மலை தாண்டி வேறு ஆளாகிவிட்டார். நமக்கு அவர் மகளைக் கட்டியவர். டீக்கடையில் நண்பனையும் “மாப்ள” என்கிறோம். மலபாரில் மாப்பிள என்றால் முஸ்லிம். கொஞ்சம் தெற்கே வந்தால் சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள. 1888-இல் மலையாள மனோரமாவைத் தொடங்கியவர் பெயர் கண்டத்தில் வறுகீஸ் மாப்பிள்ளை. அவர் பெயரை முதன்முதலில் படித்தபோது, யார் வீட்டு மாப்பிள்ளை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

போன வாரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் தென்னை வைக்கலாம் என்று நாற்றுப் பண்ணைக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். வரிசை வரிசையாகக் கருப்புப் பைகளில் கன்றுகள். பண்ணைக்காரர் இளவட்டம்தான். ஓலை விரிந்திருக்கிறதா, கழுத்து தடியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடுத்துவைத்தார். “நாலு பிள்ளை எடுத்தாச்சு. மாங்கன்னு ஏதும் வேணுமா அண்ணாச்சி?” என்றார். வேண்டாம், தென்னை மட்டும் போதும் என்றேன். மாவுக்குக் கன்று, தென்னைக்கு மட்டும் பிள்ளை; யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு அது சரியாக வந்தது.

ரசீது புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதினார். அடுத்த வரிக்குப் போகச் சோம்பலோ, கார்பன் தாள் நகர்ந்துவிட்டதோ, சரக்கையும் அதே வரியிலேயே, பெயரை ஒட்டியே எழுதிவிட்டார். தாளைக் கிழித்து மகள் கையில் கொடுத்தார். என் பெயர், பக்கத்தில் ‘பிள்ளை – 4’.

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தாத்தா ஒண்ணைத்தானப்பா எடுத்தாங்க?” என்றாள்.